ஏரா இல்லாத வள்ளம்

சித்தப்பா முதன்முதல் என்னுடைய கராஜுக்குள் வந்த நாளில், கூரையில் கவிழ்த்துத் தொங்கவிட்டிருந்த மூன்று வள்ளங்களையும் அண்ணாந்து பார்த்தார். மண்டைதீவுக் கடலில் முப்பது வருடம் தொழில் செய்தவர். ஸ்காபரோவுக்கு வந்தபிறகு இரண்டு தரம் ஒன்ராறியோ ஏரிக்கரைக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். "உப்பில்லாத தண்ணி" என்று சொல்லிவிட்டுக் காருக்குள் ஏறிவிடுவார். ஆனால் வள்ளத்தைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. நடுவில் தொங்கியதன் வயிற்றை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனார். திரும்பி வந்து இன்னொரு தரம் தடவினார்.

"என்னடா, உதுக்கு ஏராவே இல்லை. எப்பிடி நேர ஓடும்?"

"நேர ஓடத் தேவையில்லை சித்தப்பா. கேட்ட இடத்தில திரும்பினால் போதும்."

"அப்ப உது வள்ளமில்லை, பம்பரம்."

ஏரா என்றால் வள்ளத்தின் வயிற்றில் நீளப்பாட்டுக்கு ஓடும் நடுக்கட்டை. அவருடைய கேள்வி சரியான கேள்விதான். ஆற்றில் ஒருவர் தனியே ஓட்டுகிற கனூவை வரைபவர்கள், வள்ளத்துக்கும் பம்பரத்துக்கும் நடுவில் எங்கேயோ ஓரிடத்தைத் தேடித்தான் வாழ்நாளைக் கழிக்கிறார்கள். இரண்டு பேர் ஓட்டுவதென்றால் முன்னால் இருப்பவர் இழுக்கலாம், பின்னால் இருப்பவர் திருப்பலாம். தனியாள் வைத்திருப்பது ஒரு துடுப்பு, அதுவும் ஒரு பக்கத்தில். வலம் வலித்தால் வள்ளம் இடம் திரும்பும். அதைத் திருத்த ஒவ்வொரு வலிப்பின் கடைசியிலும் துடுப்பை ஜே எழுத்துப்போல வெளியே வளைக்கவேண்டும். சுலபமாகத் திரும்பும் வள்ளத்தில் இந்தத் திருத்தத்துக்கு ஓய்வே கிடையாது. திரும்பாத வள்ளத்தில் திருத்தம் தேவையில்லை, ஆனால் பாறை வரும்போதும் அது திரும்பாது.

என்னுடைய முதல் கனூ திரும்பாத சாதி. இப்போதும் கராஜின் பின்மூலையில் கிடக்கிறது. 17 அடி, அலுமினியம், இரண்டு பேருக்காகச் செய்தது, யாரோ ஒருவர் வீட்டு முற்றத்தில் பழஞ்சாமான் விற்றபோது வாங்கியது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்றாக இரண்டு தகடுகளை நடுவில் பொருத்தி ஆணி தறைந்திருப்பார்கள். அந்தப் பொருத்துத்தான் அதன் ஏரா. ஏரியில் காற்றில்லாத காலையில் அம்புபோலப் போகும். அந்தச் சுகத்தை நம்பி அதை மடவாஸ்கா ஆற்றுக்கு, பால்மர் றாப்பிட்ஸ் என்ற இடத்துக்குக் கொண்டுபோனேன். ஒன்ராறியோவில் வெள்ளைநீர், அதாவது பாறைகளில் நுரைத்து ஓடும் நீர், பழகும் பாதிப்பேர் முதலில் நனைகிற இடம் அது.

வேகமாக ஓடும் ஆற்றில் பெரிய பாறை ஒன்று நின்றால், அதற்குப் பின்னால் நீர் வளைந்து மேல்நோக்கித் திரும்பி ஓடும். இங்கே அதை எடி என்பார்கள். எடிக்குள் புகுந்தால் ஆற்றின் நடுவிலேயே ஒரு திண்ணையில் இருப்பது மாதிரி, ஓய்வெடுக்கலாம். அங்கிருந்து வெளியே வருவதுதான் பரீட்சை. நான் மூக்கை ஓட்டத்துக்குள் நீட்டினேன். முன்பாதியைக் கீழ்நோக்கி ஓடும் நீர் பிடித்தது, பின்பாதியை மேல்நோக்கி ஓடும் நீர் பிடித்தது. வள்ளம் உடனே திரும்பிக் கீழ்முகமாகியிருக்க வேண்டும். 17 அடிக்கு ஓடிய ஏரா அதற்கு விடவில்லை. ஓட்டம் அந்தக் கட்டையைப் பக்கவாட்டில் தள்ளியது, பயத்தில் என் உடம்பு நீர் வருகிற பக்கமாகச் சாய்ந்தது. விளிம்பு அமிழ்ந்த அடுத்த நொடி நான் ஆற்றுக்குள், வள்ளம் என் மேலே. அலுமினியம் பாறையில் மோதும் சத்தம் தண்ணீருக்குள் எப்படிக் கேட்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். கோயில் மணிபோலத்தான், ஆனால் பக்தி வராது.

அதன்பிறகுதான் வள்ளங்களைக் கவிழ்த்துப் பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் பார்க்கவேண்டியது றொக்கர். வள்ளத்தைச் சமமான தரையில் வைத்தால் நடுவயிறு தரையைத் தொட்டிருக்க, இரு முனைகளும் ஆடுகதிரையின் கால்போல மேலெழும்பி நிற்கும். அந்த எழும்பல்தான் றொக்கர். என்னுடைய 14 அடி ஆற்றுக் கனூவில் முன்னால் மூன்று அங்குலம், பின்னால் இரண்டு. விற்பனைத் தாள்களில் போட்டிருக்கும் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள். முனையின் எந்த இடத்தில் அளப்பது என்பதற்குப் பொதுவான விதி இல்லை, ஆளுக்கொரு இடத்தில் அளக்கிறார்கள். கராஜ் தரையும் ஒரு அடிமட்டமும் பொய் சொல்வதில்லை.

இந்த இரண்டு மூன்று அங்குலத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை? வள்ளம் நின்ற இடத்தில் சுற்றும்போது, நடுவிலிருந்து இரண்டு மடங்கு தள்ளி இருக்கும் பகுதி இரண்டு மடங்கு வேகத்தில் நீரைத் தள்ளிக்கொண்டு நகரவேண்டும். நீரின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும், ஆகவே நான்கு மடங்கு. அந்தத் தடை செயற்படும் நெம்புகோலும் இரண்டு மடங்கு நீளம். பெருக்கினால் எட்டு. நடுவயிறு எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் திரும்புவதற்கு அவ்வளவாகத் தொந்தரவு இல்லை. முனைகள் ஆழத்தில் இருந்தால்தான் வள்ளம் பிடிவாதம் பிடிக்கும். முனைகளை நீரிலிருந்து கொஞ்சம் தூக்கிவிட்டால் அதன் குணமே மாறிவிடும்.

பின்முனையை முன்முனையைவிடக் குறைவாகத் தூக்குவதற்கும் காரணம் இருக்கிறது. ஓடும் வள்ளத்தின் மூக்கை அதுவே எழுப்பும் அலை இரு பக்கமும் நெருக்கிப் பிடித்திருக்கும். பின்முனைக்கு அப்படிப் பிடி இல்லை. வலிக்கும்போது வழுக்கிப் பக்கம் போவது பின்பாதிதான். அதைக் கொஞ்சம் ஆழத்தில் விட்டால் தண்ணீரைக் கவ்வும், திருத்தம் குறையும். மூக்கு மட்டும் சுதந்திரமாக இருக்கும். தனியாளுக்கு இது பெரிய உபகாரம். பாறைகளுக்குள் முன்னும் பின்னும் ஓடி விளையாடுகிறவர்கள் மட்டும் இரு முனையும் ஒன்றாய் இருப்பதையே கேட்பார்கள், அவர்களுக்குப் பின்னுக்கு ஓடுவதும் ஓட்டம்தான்.

நல்ல வடிவம் என்று ஒன்று இருக்கிறதா என்பதை இங்கிலாந்தில் வில்லியம் ஃபுரூட் என்ற பொறியியலாளர் 1867 இல் டார்ட் ஆற்றில் சோதித்துப் பார்த்தார். இரண்டு மாதிரிகள். ஒன்றுக்குக் கூர்மையான முனைகள், அதன் பெயர் 'றேவன்', அதாவது காகம். மற்றது நீர்ப்பறவையின் மார்புபோல மழுங்கியது, பெயர் 'ஸ்வான்', அன்னம். 3 அடி, 6 அடி, 12 அடி என்று மூன்று அளவில் செய்து இழுத்துப் பார்த்தார். ஒரு வேகத்தில் காகம் முந்தியது, இன்னொரு வேகத்தில் அன்னம் முந்தியது. எல்லா வேகத்துக்கும் ஏற்ற வடிவம் என்று எதுவும் அகப்படவில்லை. கனூ வாங்க வருகிறவர்கள் என்னிடம் "எது நல்லது?" என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு பறவைகளும் ஞாபகம் வரும்.

ஃபுரூட்டின் வழியில் வந்த கணக்கு ஒன்றை எல்லாரும் சொல்வார்கள். நீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை கடல்மைல் என்று வேகம் வரும். அதற்கு மேலே போனால் வள்ளம் தன்னுடைய அலையிலேயே ஏறவேண்டியிருக்கும். 16 அடிக்கு மணிக்குப் பத்துக் கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு, 14 அடிக்கு ஒன்பதேகால். வித்தியாசம் அரைக் கிலோமீற்றரும் கொஞ்சமும். நான் நாள் முழுக்க வலிப்பது ஐந்து, ஆறு கிலோமீற்றர் வேகத்தில். அங்கே அலையைவிட, நனைந்த தோலில் நீர் உராய்வதுதான் பெரிய செலவு. நீளமான வள்ளத்துக்குத் தோலும் கூட. ஆகவே தனியாள் ஆற்று வள்ளம் 14, 15 அடியில் நின்றுவிடுவது சோம்பலால் அல்ல.

இனி குறுக்குவெட்டு. முனையில் குந்தியிருந்து வள்ளத்தின் நடுவைப் பார்த்தால் வயிறு தட்டையா, உருண்டையா, இரண்டுக்கும் இடையில் மெல்லிய வில்லா என்பது தெரியும். கடைக்குள் ஏறி நின்று பார்ப்பவருக்குத் தட்டை வயிறு சிமெந்துத் தரைபோல அசையாது. உடனே காசைக் கொடுத்துவிடுவார். அமைதியான தண்ணீரில் அது உண்மையும்கூட. ஆனால் தட்டை வயிறு நீரின் மேற்பரப்போடு ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது, அலை சரிந்தால் அதுவும் அதோடு சேர்ந்து சரியும். உருண்டை வயிறு முழங்காலுக்குக் கீழே நெளிந்துகொண்டே இருக்கும், அலை சரிந்தாலும் தான் நிமிர்ந்து நிற்கும். முதல் நாள் பயமுறுத்தும் வள்ளம் பத்தாம் நாள் காப்பாற்றும் என்பதை ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது கடினம். நானே இரண்டு தரம் தட்டை வயிற்றை வாங்கி விற்றவன்.

பக்கங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சருவச்சட்டிபோல மேலே விரிந்த பக்கம் அலையை வெளியே தள்ளும், சாய்க்கச் சாய்க்கத் தாங்கும். பானைக் கழுத்துப்போல மேலே உள்வாங்கிய பக்கம், துடுப்பு வைக்கும் இடத்தை உடம்புக்கு அருகே கொண்டுவரும். இரண்டு பேர் கனூவின் அகலம் 35, 36 அங்குலம். அதன் நடுவில் முழந்தாளிட்டு வலித்தால் கை நீண்டு, தோள் எழும்பி, துடுப்பு சரிந்து விழும். நடுக்கோட்டிலிருந்து துடுப்பு எவ்வளவு தள்ளிப்போகிறதோ அவ்வளவு வள்ளம் திரும்பும். 28, 29 அங்குல அகலத்தில் துடுப்பு நட்டகட்டையாக இறங்கும். நேராக ஓடுவதற்கு ஏராவைவிட இது பெரிய உதவி என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் இவ்வளவும் வள்ளம் நிமிர்ந்து நிற்கும்போது பார்த்த வடிவம். ஆற்றில் அது நிமிர்ந்து நிற்பதே குறைவு. இதை எனக்கு விளங்கப்படுத்தியது என் இரண்டாவது வள்ளம், ப்றொஸ்பெக்டர் வடிவத்தில் செய்த 16 அடிக் கனூ. ப்றொஸ்பெக்டர், நியூ பிறன்ஸ்விக் மாகாணத்து ஃபிறெடெரிக்ரனில் இருந்த செஸ்ற்நட் கம்பனி பெயரெடுத்த வள்ளம். படம் எடுத்தும் ஓவியம் வரைந்தும் புத்தகம் எழுதியும் கனடா முழுவதற்கும் துடுப்பு பிடிக்கக் கற்றுக்கொடுத்த பில் மேசன் விரும்பி ஓட்டியது அதைத்தான். அவருடைய படங்களில் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். இரண்டு பேருக்கான வள்ளத்தில் தனியே, நடுவுக்குக் கிட்ட, ஒரு பக்கத்து விளிம்போடு ஒட்டி முழந்தாளிட்டிருப்பார். அந்த விளிம்பு தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்.

நான் அதை நெடுநாள் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். அலங்காரம் இல்லை. வள்ளத்தை மேலிருந்து பார்த்தால் நடு அகன்று முனை ஒடுங்கிய ஒரு வளைவு தெரியும் அல்லவா? வள்ளத்தைப் பக்கமாகச் சாய்த்தால் அந்த வளைவு நீருக்குள் இறங்கி வயிறாகிவிடும். நிமிர்ந்திருந்தபோது இரண்டு அங்குலமாக இருந்த றொக்கர் சாய்ந்தபோது பல மடங்காகும். முனைகள் நீரிலிருந்து வெளியே வரும். 16 அடி வள்ளம் 11, 12 அடியாகச் சுருங்கும். அகலமும் குறைந்து துடுப்பு கைக்குள் வரும். மேசன் ஓட்டியது ப்றொஸ்பெக்டர் என்று கடை சொல்லும். உண்மையில் அந்த ஒரு வள்ளத்துக்குள் நாலைந்து வள்ளங்கள் இருந்தன, எந்த நேரம் எது வேண்டுமென்று அவருடைய முழங்கால்கள் தெரிவுசெய்தன.

இது தெரிந்தபிறகு மற்றவையும் விளங்கத் தொடங்கின. நீளமான வள்ளத்தை ஓட்டத்தில் வலம் சாய்த்தால் மூக்கு இடம் போகப் பார்க்கும், நீருக்குள் இறங்கிய வளைவு அதை அப்படித் தள்ளும். வெள்ளைநீருக்கென்று செய்த குட்டை வள்ளங்களில் வயிறும் பக்கமும் சந்திக்கும் இடத்தைக் கூராக மடித்திருப்பார்கள். அதற்கு சைன் என்று பெயர். அந்த வள்ளத்தைத் திரும்பும் பக்கமாகவே சாய்த்து வலித்தால் மடிப்பு தண்ணீரைச் செதுக்கிக்கொண்டு வட்டமாக ஓடும், ஜே வலிப்பே தேவைப்படாது. கூரான மடிப்புக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. பக்கவாட்டில் வழுக்கும்போது எதிர் ஓட்டம் அதைப் பிடித்தால், கால் இடறின மாதிரி ஒரு நொடியில் கவிழ்த்துவிடும். உருண்டை மடிப்பு முதலில் முனகும், பிறகுதான் கவிழ்க்கும். எனக்கு எச்சரிக்கை தருகிற வள்ளந்தான் பிடிக்கும். வயதும் ஒரு காரணம்.

வடிவத்தை மாற்றுவது சாய்வு மட்டும் இல்லை, நிறையும். மூன்றாவதாக நான் வாங்கியது ஆசைப்பட்டுக் காத்திருந்து வாங்கிய வள்ளம். அதை ஓட்டிப் புகழ்ந்த நண்பருக்கு 95 கிலோ. நான் 60. அவருக்கு அது உருக்கிய வெண்ணெய்போல ஓடியது, எனக்குக் காற்றில் சருகுபோலச் சுழன்றது. என்ன பிழை என்று ஒரு கோடை முழுக்கத் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் இருந்து கணக்குப் பார்த்தேன். 14 அடித் தனி வள்ளம் நீரைத் தொடும் பரப்பு ஏறத்தாழ இரண்டு சதுர மீற்றர். ஒரு சென்ரிமீற்றர் இறங்கவேண்டுமானால் 20 லீற்றர் நீரை ஒதுக்கவேண்டும், அதாவது 20 கிலோ. அவருக்கும் எனக்கும் 35 கிலோ வித்தியாசம். ஆழத்தில் அது இரண்டு சென்ரிமீற்றர்கூட இல்லை. ஆனால் முனைகள் நீரைத் தொடுவதும் விடுவதும் அந்த இரண்டு சென்ரிமீற்றரில்தான். ஒரு தண்ணீர்க் கலனை நிரப்பி என் முழங்காலுக்குப் பின்னால் கட்டியபோது வள்ளம் சொல்வழி கேட்டது. கலனை ஒரு சாண் பின்னுக்குத் தள்ளியதும் மூக்கு எழும்பி மறுபடி காற்றுக்கு அடிமையானது. சின்ன உடம்புக்காரர்கள் வள்ளத்தின் அழகைப் பார்த்து வாங்கக்கூடாது என்று இப்போது எல்லாருக்கும் சொல்கிறேன். ஒருவரும் கேட்பதில்லை, நானும் கேட்டிருக்க மாட்டேன்.

வரைந்தவர் நினைத்ததைச் செய்த பொருளும் மாற்றும். ஆற்று வள்ளங்களுக்குப் பல வருடங்கள் றோயலெக்ஸ் என்ற அடுக்குப் பிளாஸ்ரிக் தகடுதான் உயிர். நடுவில் நுரை, இரு பக்கமும் கெட்டித் தோல். பாறையில் மடங்கி மீண்டும் நிமிரும். அந்தத் தகட்டைச் சூடாக்கி அச்சுக்குள் இழுத்துத்தான் வடிவம் கொடுப்பார்கள், ஆகவே கத்திபோன்ற மூக்கு அதில் வராது. கண்ணாடி நாரில் கூராக ஓடிய அதே வள்ளம் றோயலெக்ஸில் மூக்கு மழுங்கிப் பிறக்கும். பெரிய வயிறென்றால் ஓடும்போதே உள்ளே குழிந்து வெளியே வந்து மூச்சு விடும், முழங்காலுக்குத் தெரியும். 2014 இல் அந்தத் தகடு செய்வதையே நிறுத்திவிட்டார்கள். கியூபெக்கின் எஸ்கிஃப் கம்பனி அதற்குப் பதிலாக ரி-ஃபோர்மெக்ஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. என்னுடைய நடு வள்ளம் பழைய றோயலெக்ஸ். அதன் வயிற்றில் இருக்கும் கீறல் ஒவ்வொன்றுக்கும் எனக்கு ஊர்ப்பெயர் தெரியும்.

போன ஆவணியில் சித்தப்பாவை கிறான்ட் ஆற்றுக்குக் கூட்டிப்போனேன். பாரிஸ் என்ற சிறு பட்டணத்திலிருந்து பிறான்ற்ஃபோர்ட் வரைக்கும் ஓடலாம் என்பது திட்டம். மகனும் வருகிறேன் என்றதால் அலுமினிய வள்ளத்தையும் காரில் ஏற்றினேன். காலையில் மகன் எழும்பவில்லை. ஆவணியில் அந்த ஆறு வற்றி, சில இடங்களில் முழங்காலுக்குக் கீழே ஓடும்.

சித்தப்பா உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு என் நல்ல வள்ளத்துக்குள் ஏறினார். ஏறினவர் முழந்தாளிடவில்லை, எழும்பி நின்றார். வயிறு ஒரு நெளி நெளிந்தது. அவர் கலவரப்படாமல் விளிம்பைப் பிடித்து மெதுவாக இறங்கினார்.

"நிண்டு வலிக்கிறதுக்கு உது உதவாது. அந்த வெள்ளியை இறக்கு."

அதற்கு முதல் கிழமை முழுக்க அவர் கராஜுக்குள் ஏதோ சீவிக்கொண்டிருந்ததை நான் கண்டுகொள்ளவில்லை. இப்போது காரின் மேலிருந்து ஒரு தடியை உருவி எடுத்தார். பன்னிரண்டு அடி இருக்கும். அலுமினிய வள்ளத்தின் நடுவுக்குச் சற்றுப் பின்னால் கால்களை அகட்டி நின்று, தடியை ஆற்றின் கல்லில் ஊன்றினார். மூக்கு லேசாக எழும்பியது. நாங்கள் போகவேண்டிய திசை கீழே. அவர் மேலே போனார். அந்த 17 அடியும், நான் பால்மரில் சபித்த அந்த ஏராவும் ஓட்டத்தைக் கிழித்துக்கொண்டு நேர்கோட்டில் ஏறின. ஒவ்வொரு ஊன்றலுக்கும் ஒரு வள்ள நீளம். பாறை ஒன்று குறுக்கே வந்தது. சித்தப்பா இடது காலை மட்டும் கொஞ்சம் அழுத்தினார். வள்ளம் அந்தப் பக்கம் சாய்ந்தது, மூக்கு மறுபக்கம் விலகியது, பாறை கடந்துபோனது. அதை அவருக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

நான் என் 14 அடியோடு பின்னால் போனேன். ஓட்டம் மூக்கை இந்தப் பக்கம் தள்ள, நான் திருத்த, அது அந்தப் பக்கம் ஓட, ஆற்றின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நாலு தரம் போய்வந்தேன். மேலே வளைவில் அவர் தடியை ஊன்றி, வள்ளத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"டேய், பம்பரம் எங்க நிக்குது?"